குழாய்க்குள் இருந்த கடல்

"கை நடுங்காம இருக்கணும். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க," என்றார் பலவேசம்.

ஜெனோவா அவர் கையைப் பார்த்தாள். நடுங்கத்தான் செய்தது.

பலவேசம் அந்தச் சின்னத் துறைமுக ஊரின் வானிலை அதிகாரி. ஐம்பத்திரண்டு வயது, இருபத்தேழு வருஷ சர்வீஸ். ஜெனோவா அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். படகுத்துறையின் கோடியில், கடல் மட்டம் அளக்கிற கருவிகளைத் துடைத்து, எண்ணெய் விட்டு, ஓட வைக்கிற டெக்னீஷியன்.

அதிகாரி போய் டெக்னீஷியனிடம் வழி கேட்பாரா என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கரையில் கேட்பார்கள். பிரமோஷன் வராத மீன்வளத்துறைக்காரர், கப்பலேறினாலே வாந்தியெடுக்கிற கடல் விஞ்ஞானி, மாற்றல் கேட்டுக் கேட்டு வாய் வலித்தவர்கள், எல்லாரும் ஒரு நாள் அவள் முன்னால் வந்து நின்றவர்கள்தான். அவள் அதிகம் பேசமாட்டாள். ஏதாவது ஒரு வேலையைக் கொடுப்பாள், அவ்வளவுதான்.

"எப்ப இருந்து சார்?"

"ரெண்டு வருஷமா."

அது ஊருக்கே தெரிந்த விஷயம். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கார்த்திகை மாதக் காலையில், 'மீனவர்களுக்கு எச்சரிக்கை ஏதும் இல்லை' என்று பலவேசம் கையெழுத்துப் போட்டார். மத்தியானம் கீழ்க்காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. ஒரு படகு திரும்பவில்லை. அதில் இரண்டு பேர்.

விசாரணை வைத்தார்கள். அன்றைக்குக் கையில் இருந்த தகவலை வைத்து யாரும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள், இவர் மேல் தப்பில்லை என்று முடித்துவிட்டார்கள். ஆனால் கை அதை ஒத்துக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து மனுஷனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலை அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார முடியாது. பக்கத்துத் தீவில் காற்றழுத்தம் அளக்கிற ஸ்டேஷனுக்குப் போன் அடிப்பார். பத்து நிமிஷத்தில் திரும்ப அடிப்பார். மொட்டைமாடிக்கு ஓடி வானத்தைப் பார்ப்பார். கடைசிப் படகு கரையேறுகிற வரைக்கும் சாப்பாடு இறங்காது.

"தலைமையகத்துல ஒரு வேலை குடுத்திருக்காங்க," என்று சட்டைப்பையில் இருந்த கடிதத்தைத் தொட்டார். "பழைய மழைக் கணக்கெல்லாம் பாக்குற வேலை. எதுலயும் கையெழுத்துப் போட வேண்டாம். ஒரு மாசத்துக்குள்ள பதில் சொல்லணும். இந்த நடுக்கம் நிக்கலைன்னா போயிடலாம்னு இருக்கேன்."

ஜெனோவா துறையின் ஓரத்தைக் காட்டினாள். அங்கே தூணில் ஓர் அளவுப் பலகை அடித்திருந்தது.

"கடல் இப்ப எவ்வளவு உயரம் நிக்குது? பாத்துச் சொல்லுங்க."

பலவேசம் குனிந்தார். அலை ஒன்று ஏறியது. "நாலு அடி." அது இறங்கியது. "ரெண்டரை. இல்லை, மூணு. இருங்க, இப்ப நாலே கால்."

"ஒரு நம்பர் சொல்லுங்க சார்."

"இது நின்னாத்தானே சொல்ல முடியும்?"

எரிச்சலோடு நிமிர்ந்தார். அவள் நடந்தாள். பக்கத்தில் ஒரு ஆள் நுழைகிற அகலத்துக்குப் பழைய இரும்புக் குழாய் ஒன்று கடலுக்குள் இறங்கி நின்றது. மூடியைத் தூக்கினாள். டார்ச் அடித்தாள்.

உள்ளே தண்ணீர் அசையாமல் கிடந்தது. வெளியே அலை குழாயை அறைந்துகொண்டிருந்தது. உள்ளே ஒரு சலனமில்லை.

"அடியில சின்ன ஓட்டை. அது வழியாத்தான் கடல் உள்ள வரும்," என்றாள். "அலை வராது."

தண்ணீரின் மேல் ஒரு மிதவை. மிதவையில் கட்டிய கம்பி மேலே ஒரு பேனாவை நகர்த்தியது. உருளையில் சுற்றிய தாளில் அந்தப் பேனா ஒரு நாளின் கடலை வரைந்து வைத்திருந்தது. இரண்டு மேடு, இரண்டு பள்ளம். இது பழைய கருவி. இப்போது புதுசு ஒன்று தானே அளந்து தானே அனுப்பிவிடுகிறது. பழசை யாரும் கேட்பதில்லை. ஜெனோவா மட்டும் விடாமல் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

பலவேசம் குழாய்க்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது மாதிரி வேணும் எனக்கு."

"இதுவா?"

"இதேதான்."

"சரி. தினமும் வந்து இதைப் பாத்துட்டுப் போங்க," என்றாள் ஜெனோவா.

அன்றிலிருந்து மத்தியானம் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். குழாய்ப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார். மூடியைத் திறந்து தண்ணீரைப் பார்ப்பார். அவள் ஒன்றும் சொல்லித்தரவில்லை. அவரும் ஒன்றும் கேட்கவில்லை.

முதல் வாரம் தீவு ஸ்டேஷனுக்குப் போன் குறைந்தது. இரண்டாம் வாரம் மொட்டைமாடிக்குப் போகவில்லை. மூன்றாம் வாரம் மத்தியானச் சாப்பாட்டில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை. ராத்திரி அடித்துப்போட்ட மாதிரி தூங்கினார்.

நான்காம் வாரம், சனிக்கிழமை. பலவேசம் சிரித்த முகமாக வந்தார். வலது கையை அவள் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"பாருங்க."

பார்த்தாள். கல்லில் வெட்டி வைத்த மாதிரி நின்றது.

"இன்னைக்குக் காலையில கையெழுத்துப் போட்டேன் பாருங்க, கல்யாண மொய் நோட்டுல பேரு எழுதுற மாதிரி அவ்வளவு லேசா இருந்துச்சு. தலைமையகமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், இங்கேயே இருந்துடலாம் போல இருக்கு. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை."

"தாளைப் பாத்தீங்களா சார்?"

உருளையைத் திருப்பினாள். பேனா இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே கோடு இழுத்திருந்தது. மேடு இல்லை, பள்ளம் இல்லை. ஸ்கேல் வைத்துப் போட்டது போல இருந்தது.

"எவ்வளவு அழகா இருக்கு," என்றார் பலவேசம். மனசாரத்தான் சொன்னார்.

"இப்ப அளவுப் பலகையைப் பாருங்க."

போய்க் குனிந்தார். கடல் நன்றாக வற்றியிருந்தது. பலகையின் அடிப்பகுதியில் பாசி காய்ந்துகொண்டிருந்தது. பேனா சொன்ன உயரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் இரண்டு அடி வெறும் காற்று.

இருபத்தேழு வருஷம் கருவிகளோடு குடித்தனம் பண்ணியவர். இதை யாரும் அவருக்கு விளக்க வேண்டியதில்லை.

"ஓட்டை அடைச்சிருக்கு," என்றார்.

"ஆமா சார். கொட்டலசு ஏறிடுச்சு." கல்லிலும் கட்டையிலும் கப்பலிலும் வந்து ஒட்டிக்கொள்கிற சிப்பியைச் சொன்னாள். "சனிக்கெழமைக்குச் சனிக்கெழமை முங்கிச் சுரண்டிவிடுவேன். ஒரு மாசமா சுரண்டலை."

"ஏன்?"

"அசையாத தண்ணி மாதிரி வேணும்னு நீங்கதானே கேட்டீங்க."

பலவேசம் தாளைப் பார்த்தார். கையைப் பார்த்தார். பிறகு எதையோ தொலைத்தவர் போலச் சட்டைப்பையையும் பேண்ட் பையையும் தடவினார்.

"இன்னைக்குக் காலையில..." என்று ஆரம்பித்தார்.

காலையில் கையெழுத்துப் போட்டது ஞாபகம் இருந்தது. பேனாவின் நிறம் ஞாபகம் இருந்தது. தீவு ஸ்டேஷன் தாளில் என்ன இருந்தது என்பது மட்டும் ஞாபகத்தில் இல்லை. அந்தத் தாளை அவர் பார்க்கவே இல்லை.

நாற்பது படகு கடலில் இருந்தது.

போனை எடுத்தார். இரண்டு தடவை தப்பு நம்பருக்குப் போனது. மூன்றாம் தடவை ஆபீஸில் ராக்கப்பன் எடுத்தார். ஓய்வுக்கு இரண்டு வருஷம் மிச்சமிருக்கிற உதவியாளர்.

"ராக்கப்பன், தீவு ஸ்டேஷன்ல காத்தழுத்தம் என்ன?"

"விடியக்காலையில இருந்து எறங்கிட்டே இருக்கு சார். உங்க மேசையில வச்சேனே. பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டீங்கன்னு நெனச்சேன்."

"எச்சரிக்கை அனுப்புங்க. எல்லாப் படகும் திரும்பணும்னு வயர்லெஸ்ல சொல்லச் சொல்லுங்க. இப்பவே. என் பேரைப் போடுங்க."

போனை வைத்தார். டிபன் பாக்ஸ் திறக்காமல் கிடந்தது. படகுத்துறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்க ஆரம்பித்தார். ஜெனோவா சுரண்டியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணி வழியாகத் தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள்.

இரண்டு மணிக்கு முதல் படகு தெரிந்தது. பிறகு ஒவ்வொன்றாக வந்தன. பலவேசம் ஒவ்வொன்றின் பெயரையும் வாய்விட்டுப் படித்தார். ஐந்தரைக்கு நாற்பதாவது படகு கயிறு போட்டது. அவர் அப்படியே படகு கட்டுகிற கட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

காற்று வரவில்லை.

ஆமாம், வரவே இல்லை. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. கொடிக்கம்பத்துத் துணிகூட அசையவில்லை.

கடைசிப் படகின் டிரைவர் சந்தியாகு இறங்கி நேரே அவரிடம் வந்தார்.

"காத்து எங்க சார்?"

"வரலை."

"நல்ல மீன்பாடு. வலையைப் பாதியில சுருட்டிட்டு வந்திருக்கோம். நீங்க சொன்னா போகணும், நீங்க சொன்னா வரணும். எங்க பொழப்பு உங்களுக்கு வெளையாட்டா இருக்கா?"

"காலையிலேயே நான் ஒழுங்காப் பாத்திருக்கணும். பாக்கலை. தப்பு என்னோடதுதான்," என்றார் பலவேசம். "ஆனா அழுத்தம் இன்னும் எறங்கிட்டுத்தான் இருக்கு. நாளைக்கு விடியக்காலை நாலு மணிக்குப் பாத்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் போக வேண்டாம்."

சந்தியாகு முணுமுணுத்துக்கொண்டே போனார். நல்ல வார்த்தை ஒன்றும் இல்லை அதில்.

ஜெனோவா ஈரத் துணியோடு ஏணியேறி வந்தாள். விரல் முட்டிகள் சிராய்த்து ரத்தம் கசிந்தது. மேலே உருளையில் பேனா திணறித் திணறி அசையத் தொடங்கியிருந்தது.

பலவேசம் சட்டைப்பையிலிருந்து தலைமையகத்துக் கடிதத்தை எடுத்துத் தொடைமேல் விரித்தார்.

"பேனா இருக்கா? இதுக்கு வர மாட்டேன்னு எழுதணும்."

கொடுத்தாள். அவர் வாங்கும்போதே பேனா ஆடியது.

"எழுத்துக் கோணலா வரும் சார்."

"படிக்க வந்தா போதும்."