எல்லாருக்கும் கரும்பு

மலையடிக் காட்டில் ஓர் ஏரி இருந்தது. அதன் கரை போன மழையில் உடைந்துவிட்டது. அடுத்த மழைக்குள் கரையை எழுப்பியாக வேண்டும். அந்தக் காட்டின் தலைவியான வேழம்மை என்ற யானை மூன்று சீமைகளுக்கு ஆள் அனுப்பினாள். ஆற்றிலிருந்து நீர்நாய்கள் வந்தன. புல்வெளியிலிருந்து கடமான்கள் வந்தன. மலை உச்சியிலிருந்து இருவாச்சிப் பறவைகள் வந்தன. நீர்நாய்கள் களிமண் தோண்டின, மான்கள் அதை மிதித்தன, இருவாச்சிகள் அலகால் விரிசல்களைப் பூசின.

மேஸ்திரியாக இருந்தது சடையன் என்ற நரி. எல்லாருக்கும் நாளொன்றுக்கு ஒரு கரும்பு என்று அவன் கூலி வைத்தான். ஒரே கூலி, ஒரே நாள், ஒரே வரிசை. வேழம்மைக்கும் அது பிடித்துப்போனது. யாருக்கும் கூடுதல் இல்லை, குறைவு இல்லை என்று பெருமைப்பட்டாள்.

மான்கள் கரும்பை மென்றன. மீன் தின்னும் நீர்நாய்களோ, வேலைக்கு நடுவே மீன் பிடிக்க நேரமில்லாமல், அதைப் பார்த்துக்கொண்டு நின்றன. அவற்றின் தலைவி துடுவி மேஸ்திரியிடம் முறையிட்டாள். ஆற்றோரம் தன் மச்சான் கடை வைத்திருக்கிறான், பத்துக் கரும்பு கொடுத்தால் ஒரு மீன் கிடைக்கும் என்றான் சடையன்.

துடுவி பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்த்தாள். ஒரு நாள் மத்தியானம், கருவன் என்ற இருவாச்சி கரும்புத் துண்டோடு பறக்க முயன்று கீழே விழுந்ததைக் கண்டாள். அவன் பெண்டாட்டி மரப்பொந்துக்குள் வாசலைப் பூசிக்கொண்டு குஞ்சோடு இருக்கிறாள். அவன் பழம் கொண்டுபோய் ஊட்டினால்தான் இருவருக்கும் சாப்பாடு. பகல் முழுக்க இங்கே வேலை. பழம் தேட நேரமில்லை.

"கரும்புச் சாற்றையாவது நக்கட்டும் என்று பார்த்தேன்" என்றான் அவன், தலை நிமிராமல்.

துடுவிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தன் கூட்டம் சேர்த்து வைத்திருந்த கரும்பையெல்லாம் இழுத்து வந்து யானையின் காலடியில் போட்டாள். இனி ஒரு பிடி மண்கூட எடுக்க மாட்டோம் என்று உடைப்பின் நடுவே உட்கார்ந்தாள். வானத்தில் மேகம் திரண்டிருந்தது.

வேலையை விட்டு நீக்குவேன் என்று சடையன் மிரட்டினான். துடுவி அசையவில்லை. வேழம்மை முதலில் சினந்தாள். பிறகு மேகத்தைப் பார்த்தாள். குரலைத் தணித்து, நீர்நாய்களுக்கு மட்டும் மீன் தருவதாகச் சொன்னாள்.

மீன் என்றதுமே துடுவிக்கு ஆசை எழுந்தது. ஆனால் அவள் எழவில்லை.

"அவனுக்கு?" என்று கருவனைக் காட்டினாள். "எங்கள் வாயை மட்டும் அடைக்கப் பார்க்காதீர்கள் அம்மா. தின்ன முடியாததைக் கொடுத்துவிட்டு அதைக் கூலி என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்."

அதைக் கேட்டு, கரும்பு தின்று திருப்தியாக இருந்த மான்கள்கூட மிதிப்பதை நிறுத்தின. ஒவ்வொன்றாக வந்து அவளருகில் படுத்தன.

வேழம்மை படுத்திருந்த மான்களையும் உடைந்த கரையையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் தன் முடிவைச் சொன்னாள். யார் எத்தனை நாள் உழைத்தார்கள் என்ற கணக்கு தன்னிடமே இருக்கும். என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பதை அந்தந்தச் சீமையைச் சேர்ந்த ஒருவர் பார்த்துக்கொள்வார். மீன் உண்பவருக்கு மீன். பழம் வேண்டுபவருக்கு அன்றன்றைக்குப் பழம்.

"மூன்று விதமாகக் கொடுப்பது பெரிய தொல்லை, தாயே" என்று முனகினான் சடையன்.

"தொல்லை உனக்கு இருக்கட்டும். அதற்குத்தான் உனக்குக் கூலி."

அன்றே ஆற்றோரக் கடை மூடப்பட்டது. துடுவி எழுந்து களிமண்ணில் கை வைத்தாள். மழைக்கு இரண்டு நாள் முன்னதாகக் கரை முடிந்தது. வெள்ளம் மூன்று முறை மோதியும் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

எல்லாருக்கும் ஒன்றையே கொடுப்பது நீதி ஆகாது, உழைத்தவருக்கு உதவும்படி கொடுப்பதே நீதி. அதைத் தனக்கு மட்டுமின்றிப் பக்கத்தில் நிற்பவருக்கும் சேர்த்துக் கேட்பதே துணிவு.