முந்திரிகைக் கொட்டை வெளியே வந்த கதை

அந்தக் காலத்தில் மரங்களுக்கும் காகங்களுக்கும் பேச்சு இருந்தது. ஆனால் எல்லா மரத்துக்கும் எல்லாப் பேச்சும் விளங்கியது என்று சொல்ல முடியாது.

மட்டக்களப்பு வாவிக் கரையில் ஒரு பறங்கித் தச்சன் குடியிருந்தான். போர்த்துக்கேயக் கப்பலில் உளியோடும் இழைப்புளியோடும் வந்தவன், ஊர்ப் பெண் கதிராச்சியைக் கலியாணம் முடித்து இங்கேயே தங்கிவிட்டான். கப்பலில் மடியில் முடிந்து கொண்டுவந்த ஒரு விதையை முற்றத்து மணலில் ஊன்றினான். அது வளர்ந்து மரமுந்திரிகை ஆயிற்று. அந்த மரமும் ஒரு பெண்தான்; அவளுக்கு முன்னால் இந்த நாட்டில் ஒரு முந்திரிகையும் இல்லை. அவளுக்குத் தெரிந்ததும் கப்பல் பேச்சு மட்டும். பக்கத்தில் நின்ற நாவல் மரம் எதைச் சொன்னாலும் இரைச்சலாகத்தான் கேட்டது.

முதல் பழம் காய்த்தது. அந்த நாளில் முந்திரிகைக் கொட்டையும் மாங்கொட்டையைப் போலப் பழத்தின் நடுவில்தான் இருந்தது. சின்னக் கொட்டை பெண் பிள்ளை. தாய்க்குச் சந்தோஷம் பாதி, பயம் மீதி.

"வெளியே எட்டிப் பார்க்காதே, மகளே. அணில் பிறாண்டும். வௌவால் தூக்கிக்கொண்டு போகும். இங்கே யாரும் நம்முடைய ஆட்கள் இல்லை."

"பக்கத்து மரம் சிரிக்கிறதே, மாய்?" என்றது சின்னக் கொட்டை. கப்பல் பேச்சில் மாய் என்றால் அம்மா.

"அது சிரிப்பா? நம்மை ஏசுகிறாள்."

நாவல் ஏசவே இல்லை. அந்த வருடம் மழை பொய்த்திருந்தது. தாகம் தாங்காத முந்திரிகை, எதிரே தகதகவென்று கிடந்த வாவியைப் பார்த்து அந்தப் பக்கமாகவே வேரை நீட்டிக்கொண்டிருந்தாள். புதிதாக வந்தவர்கள் செய்கிற தவறு அது. வாவித் தண்ணீர் உப்பு.

"மச்சாள், அங்கால போகாதகா, உப்பு. கிணத்துப் பக்கம் வேரைத் திருப்பு புள்ள," என்று நாவல் காலையும் மாலையும் தொண்டை கிழியக் கத்தினாள். முந்திரிகை பயந்து இலைகளை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"கப்பல்ல வந்த பெரிய வீட்டுப் பொம்பிள, நம்மளோட கதைப்பாவா?" என்றது காகம். "இலையப் பாருங்க, கருவாடு மாதிரிச் சுருண்டு கிடக்கு."

தச்சனும் பார்த்தான். "இன்னும் பத்து நாள். துளிர்க்காவிட்டால் வெட்டி அடுப்பில் வைக்க வேண்டியதுதான்," என்று தன் பேச்சில் சொன்னான். அது மட்டும் முந்திரிகைக்கு நன்றாகவே புரிந்தது.

மறுநாள் உச்சி வெயிலில் தாய் மயங்கிக் கிடந்த நேரம், சின்னக் கொட்டை பழத்தின் அடியைத் துளைத்தது. முதலில் மூக்கு வந்தது, பிறகு முதுகு. கீழே விழாமல் பழத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கியது.

மரத்தடியில் கதிராச்சி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். "பிலிப்பா, ஆகு கொண்டா மனே," என்று தன் மகளைக் கூப்பிட்டாள். பிலிப்பா ஓடிப்போய் ஒரு கலயம் தண்ணீர் கொண்டுவந்தாள்.

சின்னக் கொட்டைக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆகு என்றால் தண்ணீர். அது மாய் சொல்லும் சொல்லாயிற்றே! அப்படியென்றால் 'கொண்டா' என்பது என்னவென்று அதற்கு விளங்கிவிட்டது. அந்த வீட்டில் தகப்பன் சொல்லும் தாய் சொல்லும் ஒரே சட்டியில் வெந்துகொண்டிருந்தன. ஏழு நாள் உடம்பையே காதாக வைத்துக் கேட்டது. கேட்டுக் கேட்டு முதுகு வளைந்து, பார்க்கவும் காது மாதிரியே ஆகிவிட்டது. எட்டாம் நாள் காலையில் நாவல் கத்தியது அதற்குப் புரிந்தது.

"மாய், எழும்புங்க. வாவி ஆகு உப்பாம். கிணத்து ஆகுதான் நல்லதாம். நாவல் மாமி சொல்றா."

"மாமியா? நீ எங்கேயிருந்து பேசுகிறாய்?"

"வெளியிலிருந்து."

"இது என்ன பேச்சு? நம்முடையதும் இல்லை, அவர்களுடையதும் இல்லை."

"எனக்கு இதுதான் வருது, மாய். முதல்ல வேரைத் திருப்புங்க."

ஏசுவதற்குத் தெம்பு இல்லாததால் தாய் வேரைத் திருப்பினாள்.

பத்தாம் நாள் தச்சன் கோடரியோடு வந்தான். நுனிக் கிளையெல்லாம் செந்தளிர். அண்ணாந்து பார்த்தான், கோடரிக் காம்பால் முதுகைச் சொறிந்துகொண்டான், திரும்பிப் போய்விட்டான்.

"சரி, போதும். உள்ளே வா," என்றாள் தாய்.

"வளைஞ்சு போனேனே, மாய். இனிக் கொள்ளாது. வாசலும் மூடிட்டு."

நாவல் சிரித்தாள். இந்தத் தடவை அது சிரிப்புத்தான் என்று முந்திரிகைக்குத் தெரிந்தது. இருந்தாலும் தாய் மனம் கேட்கவில்லை. தன்னிடமிருந்த பயத்தையெல்லாம் திரட்டி, எரிகிற எண்ணெயாக்கி, மகளின் ஓட்டுக்குள் ஊற்றி வைத்தாள்.

முதலில் கொத்திப் பார்த்தது காகம்தான். மூன்று நாள் அதனால் வாய் திறக்க முடியவில்லை. வாவிக்கரை முழுக்க நிம்மதியாக இருந்தது.

முந்திரிகைக் கொட்டை பழத்துக்கு வெளியே காதுபோல வளைந்து தொங்குவது அன்று முதல்தான். பிலிப்பாவின் வழி வந்தவர்கள் சில வீடுகளில் இன்றும் அந்தக் கலந்த பேச்சில்தான் தண்ணீர் கேட்கிறார்கள். பச்சைக் கொட்டையைக் கடித்து உதடு வெந்துபோனால் மரத்தை ஏசாதீர்கள். மகளை வெளியே விட்ட தாயின் பயம் இன்னும் காயவில்லை, அவ்வளவுதான்.