பூசணிப்பூவுக்குத் தம்பி

கடல் இப்போதைவிட ஒரு சிட்டிகை உப்புக் குறைவாக இருந்த காலத்தில், கொற்றங்குடி ராஜ்யத்தில் சூனியநாதன் என்றொரு மந்திரவாதி இருந்தான். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கப்பலில் ஒரு மரக்கன்றை வரவழைத்துத் தோட்டத்தில் நட்டான். அது எக்காளம் எக்காளமாக மஞ்சள் பூ பூத்தது. அந்த மஞ்சளைப் பார்த்து விடிந்துவிட்டதென்று ஊர்ச் சேவல்களெல்லாம் நாள் முழுக்கக் கூவித் தொண்டை கட்டிப் போயின.

மரம் அப்பாவி. மந்திரம்தான் பொல்லாதது. அவன் பறித்துக் கொடுக்கும் பூவை முகர்ந்தவர் நின்ற இடத்திலேயே மரமாகிவிடுவார். ஒரு சேவகன் முகர்ந்தான், மரமானான். ஒரு சமையற்காரன் முகர்ந்தான், மரமானான். தோட்டக்காரன் கொம்பையா முகர்ந்தான், அவனும் மரமானான்.

கொம்பையாவின் பெண்சாதி அங்கம்மா, கோயிலுக்குப் பூக்கட்டுகிறவள். புருஷனைத் தேடி வந்தவள், ஒரு கிளையில் அவன் தலையில் கட்டும் துண்டு தொங்குவதைக் கண்டாள். அடிமரத்தில் கை வைத்தாள். உள்ளே நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. ‘முகராதே, அங்கம்மா’ என்று இலைகள் சலசலத்தன.

அதற்குள் மந்திரவாதி வந்துவிட்டான். தேனாகப் பேசி ஒரு பூவை நீட்டினான். சாமிக்குப் போகிற பூவை முகர்கிற வழக்கமில்லை என்றாள். இன்னொன்றை நீட்டினான். வழக்கமில்லை என்றாள். மூன்றாவதை மூக்குக்கு நேராகவே நீட்டினான்.

ஓடினால் அவள் பிழைப்பாள். கொம்பையா மரம்தான். அங்கம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு பூவை மேலும் கீழும் பார்த்தாள்.

“பகட்டாத்தான் இருக்குங்க. ஆனா வாசமில்லாத பூவை எங்க பூசாரி வாங்க மாட்டாரு.”

“வாசமில்லையென்று யார் சொன்னது?”

“முப்பது வருஷமா பூக்கட்டுறேன், பார்த்தாத் தெரியாதா? இது பூசணிப்பூவுக்குத் தம்பி.”

“என் பூவா பூசணிப்பூ?”

வந்த கோபத்தில் சூனியநாதனுக்குத் தன் மந்திரம் தனக்கே மறந்துபோயிற்று. மல்லிகையெல்லாம் இதனிடம் வாசம் கடன் வாங்க வேண்டும் என்று கத்திக்கொண்டே, பூவுக்குள் மூக்கைப் புதைத்து ஓர் இழுப்பு இழுத்தான்.

இழுத்தவன் விடவேயில்லை. கால் வேரானது, கை கிளையானது. போட்டவனே மரமானபின் மந்திரத்துக்கு ஏது பலம்? மூன்று மரங்களும் தும்மின. மூன்று ஆட்கள் நின்றார்கள்.

“பசிக்குது புள்ள” என்றான் கொம்பையா. அங்கம்மா அழுதுகொண்டே அவன் காதோரம் முளைத்திருந்த இலையைக் கிள்ளி எறிந்தாள்.

ராஜா அந்தத் தோட்டத்தை அவளுக்கே கொடுத்தார். சூனியநாத மரம் மட்டும் இன்றுவரை பூக்கவில்லை. நம்பாதவர்கள் போய்ப் பாருங்கள். பட்டையில் மூக்கு மாதிரி ஒரு முடிச்சு துருத்திக்கொண்டிருக்கும். அங்கம்மா தன் பூக்கூடையை அதில்தான் மாட்டுவாள்.