ஆனந்தன் குடும்பத்தைக் கரையேற்றிய சங்கம்

அத்திக்குளத்தில் புத்திசாலிகளுக்குப் பஞ்சமே கிடையாது. அவர்களில் நான்கு பேர் ஒரே இடத்தில் கூடியதால் வந்த வினைதான் இது.

தாயுமானவன் வீட்டில் கிரைண்டர் புகைந்து நின்றுபோய்ப் பதினோரு நாள் ஆகியிருந்தது. பதினோரு நாளும் காலையில் உப்புமா. ஐம்பத்து நான்கு வயதுக்குள் அவர் எத்தனையோ விட்டுக்கொடுத்திருந்தார். தலைமுடி, பதவி உயர்வு, இரண்டு கடைவாய்ப் பற்கள். இட்லியை மட்டும் விட்டுக்கொடுக்க முடியவில்லை.

“பீரோவுல பணம் இருக்கா இல்லையா? கிரைண்டர் வாங்க முடியுமா முடியாதா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க,” என்றாள் அவர் மனைவி செங்கமலம்.

பீரோ சாவி தாயுமானவனின் அரைஞாண் கயிற்றில்தான் தொங்கியது. திறந்து எண்ணிப் பார்ப்பது அரை நிமிட வேலை. ஆனால் அவர் எதையும் யோசிக்காமல் செய்கிற ரகம் இல்லை. ‘என்னிடம் எவ்வளவு இருக்கிறது?’ என்று தன்னையே கேட்டுக்கொண்டார். அது ‘இத்தனை வருஷம் சம்பாதித்து என்ன கண்டேன்?’ என்று வளர்ந்தது. அங்கிருந்து ‘நான் யார்?’ வரைக்கும் போய்ச் சேர்ந்தார். அதற்குள் உப்புமா ஆறிவிட்டது.

“இதையெல்லாம் கையால எண்ணிக் கண்டுபிடிக்கக் கூடாது, செங்கமலம். முறைப்படி கணக்கு வைக்கணும். எங்க சங்கத்துல அதுக்கு ஒரு மென்பொருள் தயாராகுது. அது என்ன சொல்லுதோ அதன்படி செய்வோம்.”

“எப்ப சொல்லும்?”

“ஞாயித்துக்கிழமைக்குள்ள.”

“சொல்லலைன்னா ஆயுசுக்கும் உப்புமாதான், ஆமா,” என்று சொல்லிவிட்டு அவள் ரவையைச் சலிக்கப் போனாள்.

சங்கம் என்றால் அத்திக்குளம் கட்டற்ற மென்பொருள் சங்கம். மொத்த உறுப்பினர்கள் நான்கு பேர். வைரவன் ஜெராக்ஸ் கடைக்காரர். கம்ப்யூட்டர் அவருடையது என்பதால் தலைவர். லூர்துசாமி ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர். எதையும் உற்றுப் பார்ப்பார் என்பதால் சோதனையாளர். கனகசபை இன்சூரன்ஸ் ஏஜெண்டு. ஆறு வாரக் கம்ப்யூட்டர் வகுப்பில் நான்கு வாரம் போனவர் என்பதால் தலைமை நிரலாளர். தாயுமானவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே செயலாளர்.

பெங்களூரில் யாரோ ஒருவர் ‘சிக்கனம்’ என்று ஒரு வீட்டுக் கணக்கு மென்பொருளை எழுதி இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்தார். உள்ளே இருக்கிற நிரலையும் மறைக்காமல் வைத்திருந்தார். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பார்க்கலாம், மாற்றலாம், மேம்படுத்தலாம். இந்த நால்வரைப் போன்றவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

திங்கட்கிழமை கூட்டத்தில், மென்பொருளோடு கூடவே வந்த கையேட்டை வைரவன் எழுந்து நின்று வாசித்தார். “‘தினமும் உங்கள் தகவலை நகல் எடுத்து வேறு இடத்தில் பத்திரப்படுத்தவும்.’”

நகல் எடுக்க வைரவனுக்குச் சொல்லித்தர வேண்டுமா? மானிட்டரைத் தூக்கி ஜெராக்ஸ் மிஷின் கண்ணாடிமேல் குப்புறக் கவிழ்த்துப் பொத்தானை அமுக்கினார். முழுக்கக் கறுப்பாக ஒரு தாள் வந்தது.

“மாஸ்டர், சரியா விழுந்திருக்கா பாருங்க.”

லூர்துசாமி தாளை வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பார்த்தார். “நல்லாத்தான் விழுந்திருக்கு. கொஞ்சம் கரண்டு இல்லாத நேரத்துல எடுத்த மாதிரி இருக்கு. அதுவும் நல்லதுக்குத்தான். திருடன் கையில கிடைச்சாலும் படிக்க முடியாது.”

தினம் ஒரு கறுப்புத் தாள் லூர்துசாமி வீட்டுப் பரணில் ஏறத் தொடங்கியது.

வைரவன் அடுத்த வரிக்குப் போனார். “‘ஆனந்தன் என்பவரின் குடும்பக் கணக்கு இதில் மாதிரிக்காகத் தரப்பட்டுள்ளது. முதலில் அதைச் சரிசெய்து பழகுங்கள். பிறகு உங்கள் கணக்கைத் தொடங்குங்கள்.’”

“அப்ப ஆனந்தன் கணக்கு சரியாகுற வரைக்கும் நம்ம கணக்கைத் தொடக் கூடாது,” என்றார் கனகசபை.

“கையேடே சொல்லுதேய்யா,” என்றார் வைரவன்.

ஆனந்தன் கணக்கைத் திறந்தார்கள். மனைவி, இரண்டு பிள்ளைகள். வீட்டு எண் 12, காந்தி தெரு; ஊர் பெயர் இல்லை. சம்பளம் முப்பதாயிரம். அதற்குக் கீழே வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், ஓட்டல், சினிமா, மறுபடி ஓட்டல். எல்லாவற்றுக்கும் அடியில் சிவப்பு எழுத்தில் மைனஸ் 6,340.

லூர்துசாமி ஓட்டல்களை விரல்விட்டு எண்ணினார்.

“ரெண்டு புள்ளைய வச்சுக்கிட்டு மாசத்துல ஆறு தடவை ஓட்டலா?” என்றார் லூர்துசாமி.

“வீட்டுல கிரைண்டர் ரிப்பேரா இருக்கும்,” என்றார் தாயுமானவன்.

“இங்க பாருங்க, பயமுறுத்துறது அந்தச் சிவப்புதான்,” என்றார் கனகசபை. “நிரல் நம்ம கையில இருக்கு. மாத்திடுவோம்.”

இரண்டு நாள் கண்விழித்து உழைத்துச் சிவப்பைப் பச்சையாக்கினார். ஒருவர் செய்த மாற்றத்தை இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்பது கையேட்டு விதி. லூர்துசாமி பார்த்தார். “இது கிளிப்பச்சை. கடனுக்கு இலைப்பச்சைதான் எடுப்பா இருக்கும்.” இன்னும் ஒரு நாள் போயிற்று.

இலைப்பச்சையில் கடன் பார்க்கவே குளுகுளுவென்று இருந்தது. டீ வரவழைத்துக் குடித்தார்கள். பாதி டீயில் வைரவன் கேட்டார்: “நம்பருக்கு முன்னால சின்னதா ஒரு கோடு இருக்கே, அது எதுக்கு?”

“எடுத்துரட்டுமா? ஒரு வரி மாத்தினா போயிடும்,” என்றார் கனகசபை.

தாயுமானவன் கிளாஸைக் கீழே வைத்தார். “கோட்டை எடுத்தா கடன் போயிடுமா, கனகு? நாம யாரை ஏமாத்துறோம்?”

அந்தச் சங்கத்தில் அதுவரை பேசப்பட்ட ஒரே அறிவுள்ள பேச்சு அதுதான். கெட்டதெல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பித்தது.

மென்பொருளில் குறை கண்டால் எழுதியவருக்குத் தெரிவிக்கவும் என்று கையேட்டில் இருந்தது. கண்ட குறையைச் செயலாளர் என்ற முறையில் தாயுமானவன் தெரிவித்தார்: “ஐயா, தங்கள் ஆனந்தன் வரவுக்கு மீறிச் செலவு செய்கிறார். தாங்கள் அன்பாக எடுத்துச் சொன்னால் கேட்பார் என்று நம்புகிறோம்.”

வெள்ளிக்கிழமை காலை பதில் வந்தது. “அது வெறும் மாதிரிதான். வேண்டாம் என்றால் ஆனந்தன் குடும்பத்தை நீக்கிவிடுங்கள். ஒன்றும் ஆகாது.”

வாசித்த வைரவன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“குடும்பத்தோடயா?”

“குடும்பத்தோட.”

“பள்ளிக்கூடம் போற புள்ளைங்கய்யா ரெண்டும்!”

“அதான் ஒண்ணும் ஆகாதுங்கறானே. இதுக்கு முன்னால எத்தனை குடும்பமோ,” என்றார் லூர்துசாமி.

கட்டற்ற மென்பொருளில் ஒரு வசதி உண்டு. எழுதியவரோடு ஒத்துப்போகவில்லை என்றால் நிரலை எடுத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விடலாம். சங்கம் ஏகமனதாகத் தீர்மானம் போட்டுத் தனியே வந்தது. மென்பொருளின் பெயர் ‘சிக்கனம் – அத்திக்குளம்’ ஆயிற்று. பெங்களூர்க்காரரின் கை பிள்ளைகள்வரை நீளாதபடி வைரவன் இணைய ஒயரையும் பிடுங்கி எறிந்தார்.

சனிக்கிழமை விடிந்தது. ஆனந்தன் இன்னும் கடனில்தான் இருந்தார்.

“வரவு ஆறாயிரத்து முந்நூத்தி நாப்பதுன்னு நானே தட்டிடுறேன். சரியாயிடும்,” என்றார் கனகசபை.

“கொடுக்காத காசை வரவு வைக்கிறது பொய்க்கணக்கு,” என்றார் தாயுமானவன்.

“அப்ப யாராவது நிஜமாவே கொடுக்கணும்.”

மூவரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். நாளை ஞாயிற்றுக்கிழமை என்பது தாயுமானவனுக்கு மட்டும்தானே கவலை. வீட்டுக்குப் போய்ப் பீரோவைத் திறந்து, முதல் தடவையாகப் பணத்தை எண்ணினார். ஆறாயிரத்து ஐந்நூறு. கிரைண்டர் விலைக்குச் சரியாக இருந்தது. செங்கமலம் கேட்ட கேள்விக்குப் பதில் அவர் கையில் இருந்தது, அவர் கவனிக்கவில்லை. அவர் கணக்குத்தான் இன்னும் தொடங்கவில்லையே. ‘எனக்கு இட்லி பெரிதா, நான்கு உயிர் பெரிதா?’ என்று கேட்டுக்கொண்டார். 6,340 ரூபாயைத் தனியாக எடுத்து மடித்தார்.

காந்தி தெரு இல்லாத ஊர் இல்லை. முதலில் உள்ளூர்க் காந்தி தெருவைப் பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று. பன்னிரண்டாம் எண்ணுக்கு முன்னால் நால்வரும் நின்றார்கள். வாசலிலிருந்து உள்சுவர் வரைக்கும் வரிசையாகக் கிரைண்டர்கள்.

“பதினேழு கிரைண்டர்!” என்றார் லூர்துசாமி, எண்ணி முடித்துவிட்டு. “கடன் வராம வேற என்ன வரும்?”

“ஒண்ணாவது ஓடுதா பாருங்க, மாஸ்டர்,” என்றார் தாயுமானவன். “பாவம்யா.”

உள்ளே இருந்தவர் எழுந்து வந்தார். “வாங்க சார். டேபிள் டாப் பாக்குறீங்களா?”

தாயுமானவன் பணத்தை நீட்டினார். “ஆறாயிரத்து முந்நூத்தி நாப்பது.”

“சார், விலை ஆறாயிரத்து ஐந்நூறு சார்.”

“இல்லைங்க. ஆறாயிரத்து முந்நூத்தி நாப்பதுதான். எங்ககிட்ட கணக்கு இருக்கு.”

“ஒரு நூறாவது சேர்த்துக் கொடுங்க சார்.”

“ஒரு ரூபா கூடினாலும் தப்பு, குறைஞ்சாலும் தப்பு,” என்றார் கனகசபை கண்டிப்பாக.

முப்பது வருஷ வியாபாரத்தில் கடைக்காரர் இப்படிப்பட்ட பேரத்தைப் பார்த்ததில்லை. பெருமூச்சு விட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டார். “சரி, பில்லு யார் பேர்ல போட?”

“ஆனந்தன்!” என்றார்கள் நால்வரும் ஒரே குரலில்.

ரசீது வந்தது. கூடவே ஒரு பெரிய அட்டைப் பெட்டியும் வந்தது.

“பெட்டி எதுக்கு?” என்று கனகசபை வைரவன் காதில் கேட்டார்.

“ஆனந்தன் சாமான்யா. நம்மளை நம்பிக் கொடுத்து விடுறாங்க. பத்திரமா வச்சிருக்கணும்.”

பணம் கொடுத்தவர் என்பதால் பெட்டி தாயுமானவன் வீட்டுக்குப் போயிற்று. சங்கத்தில் ஆனந்தன் கணக்கில் வரவு வைத்தார்கள். மைனஸ் கோடு யாரும் எடுக்காமல் தானாகவே மறைந்தது. வைரவன் மானிட்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வீட்டில் செங்கமலம் பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்துத் தாயுமானவன் பார்த்ததில்லை.

“தொடாதே. அது ஆனந்தனோடது.”

“யாரு ஆனந்தன்?”

“கஷ்டப்பட்ட குடும்பம். ரசீதுல பேர் போட்டிருக்கு பாரு.”

செங்கமலம் ரசீதைப் பார்த்தாள். கிரைண்டரைப் பார்த்தாள். கணவனையும் ஒரு தடவை பார்த்தாள்.

“அவரு எப்ப வருவாரு?”

“அது தெரியாது.”

“அப்ப அரிசி ஊறப் போடுறேன்,” என்றாள்.

மறுநாள் காலை தாயுமானவன் பதினான்கு இட்லி தின்றார். பதினைந்தாவது இட்லியில் மனசாட்சி குறுக்கே வந்தது. அடுத்தவர் கிரைண்டரில் ஓசியில் அரைக்கலாமா? ஒரு தடவை அரைக்க ஐம்பது ரூபாய் வாடகை என்று அவரே நிர்ணயித்தார். ஓர் உறையின்மேல் ‘ஆனந்தன்’ என்று எழுதிப் பணத்தை அதில் போட்டுப் பீரோவில் வைத்தார். சங்கத்திலும் ஆனந்தன் பேரில் வரவு ஏறியது. கையேடு சொன்னபடி தன் கணக்கையும் அன்றே தொடங்கினார்.

மூன்று மாதம். முப்பத்தொன்பது தடவை அரைத்தாயிற்று. ஆனந்தனிடம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது ரூபாய் சேர்ந்திருந்தது. தாயுமானவன் கணக்கு, இலைப்பச்சையில், மைனஸுக்குப் போயிருந்தது. அந்த நேரம் பார்த்துக் கிரைண்டர் பெல்ட் அறுந்தது. மாற்ற நானூற்று ஐம்பது ரூபாய். செங்கமலம் ரவையை எடுத்தாள்.

அவசரக் கூட்டம் கூடியது.

“ஆனந்தன்கிட்டதான் இருக்கே, கேட்டுப் பாரு,” என்றார் வைரவன்.

“கேட்டா கொடுப்பாரா?”

“நாம இல்லைன்னா அவரு ஏதுய்யா? கேளு.”

தாயுமானவன் சட்டையைச் சரிசெய்துகொண்டு மானிட்டர் முன்னால் உட்கார்ந்தார். ஆனந்தன் கணக்கைத் திறந்தார். தொண்டையைக் கனைத்தார். “ஆனந்தன் சார், ஒரு நானூத்தி ஐம்பது ரூபா கைமாத்தா வேணும். அடுத்த மாசம் கொடுத்துடுறேன். கிரைண்டரும் உங்களோடதுதான்.”

காத்திருந்தார்கள். அரை மணி நேரம் ஆயிற்று. டீ வந்து ஆறியது. ஆனந்தன் வாயே திறக்கவில்லை.

“இன்னொரு தடவை கேளேன்,” என்றார் கனகசபை மெதுவாக.

“வேணாம், கனகு. ஒரு தடவை அசிங்கப்பட்டது போதும்,” என்றார் தாயுமானவன்.

லூர்துசாமி மானிட்டரை உற்றுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். “கையில நாலு காசு சேர்ந்ததும் மனுசன் மாறிட்டார்யா. கடன்ல இருந்தப்ப எவ்வளவு நல்ல மனுசன்!”

அன்று முதல் அந்த நால்வரும் ஆனந்தன் முகத்தில் விழிப்பதில்லை. மானிட்டரைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் கணக்கு எழுதுகிறார்கள். இதுவரை ஒரு தப்புகூடக் கண்ணில் படவில்லையாம்.