மடுவில் படுத்த வராகசாமி

கருங்காலிக் காட்டில் அப்போது இரண்டு தீயணைப்புப் படைகள் இருந்தன. ஒன்று யானைகளுடையது, துதிக்கையில் நீர் கொண்டுபோகும். மற்றது கூழைக்கடாக்களுடையது, அலகுக்குக் கீழே தொங்கும் பையில் நீர் மொண்டு பறக்கும். தீயை முதலில் அணைக்கும் படைக்குக் கோடை முழுவதும் மடுவில் முதல் குளியல் உரிமை. அதனால் இரண்டு படைகளும் நெருப்பைவிட ஒன்றையொன்று அதிகமாக வெறுத்தன. மனிதர்களின் நகரங்களிலும் ஒரு காலத்தில் இந்தக் கூத்து நடந்தது என்பதால், விலங்குகளை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

யானைப்படையில் வராகசாமி என்ற காட்டுப்பன்றிக்கும் ஒரு பதவி உண்டு. தண்ணீர் தூக்க அதற்கு வழியில்லை. ஆகவே மடுக்காவலர் ஆக்கியிருந்தார்கள். தீ என்று குரல் கேட்டதும் ஓடிப்போய், வெயிலில் வற்றாமல் மிஞ்சியிருந்த அந்த ஒரே மடுவில் படுத்துக்கொள்ள வேண்டும். யானைகள் வரும்வரை கூழைக்கடாக்களுக்கு ஒரு சொட்டும் கிடைக்கக் கூடாது. மடு சிறியது, வராகசாமி பெரியது. வேலை கச்சிதமாக நடந்துவந்தது.

ஒரு நாள் உச்சிவேளையில், மரத்து மேலிருந்த காவல் குரங்கு "தீ!" என்று அலறியது. எங்கே என்று கேட்க வராகசாமி நிற்கவில்லை. கேட்பது அதன் பதவியில் சேராது. ஓடிப்போய் மடுவில் விழுந்தது.

கூழைக்கடாக்கள் வந்து இறங்கின. அவற்றின் தலைவி பதறினாள்.

"வராகசாமி அண்ணே, எழுந்திருங்க. எரியுறது தெற்குச் சரிவு. உங்க புதர்தான்."

"போன தடவை பலாமரம் சாஞ்சு பழமா உருளுதுன்னு பொய் சொல்லி என்னை எழுப்பப் பார்த்தீங்க. இப்போ என் வீடா?" என்று வராகசாமி கண்ணை மூடிக்கொண்டது.

அதன் குட்டிகள் புதருக்குள் இருப்பதாக அவள் சொன்னாள். கெஞ்சினாள். திட்டியும் பார்த்தாள். வராகசாமி அசையவில்லை. யானைகளையோ காணோம். அணிவகுப்பில் யார் யாருக்கு முன்னால் நடப்பது என்று அவை வயதுவாரியாக வரிசை பார்த்துக்கொண்டிருந்தன.

அப்போது காற்று திரும்பியது. சுட்ட கிழங்கு வாசனை வந்தது. வராகசாமிக்கு முதலில் நாக்கில் நீர் ஊறியது. பிறகுதான், கோடைக்கென்று தன் புதருக்கடியில் தானே புதைத்துவைத்த கிழங்கு அது என்று மூக்கு சொன்னது.

"மொள்ளுங்க! எல்லாத்தையும் மொள்ளுங்க!" என்று துள்ளி எழுந்து சரிவை நோக்கி ஓடியது.

அது புரண்டு கலக்கிய நீர் பாதி சேறாக இருந்தது. கூழைக்கடாக்கள் அந்தச் சேற்றையே அள்ளிக் கொட்டின. புதர் கரிந்துபோனது. குட்டிகள் மட்டும் இருமிக்கொண்டே வெளியே வந்தன.

கடைசியில் யானைகள் மிக ஒழுங்கான வரிசையில் வந்து சேர்ந்தன. காவலை விட்டு எழுந்தது ஏன் என்று யானைத்தலைவர் அதட்டினார்.

"தண்ணியை யாருக்கும் கொடுக்காம நல்லாத்தான் காத்தேன் ஐயா," என்றது வராகசாமி. "எனக்கே கிடைக்காம போக இருந்தது."

யானைத்தலைவர் குட்டிகளைப் பார்த்தார். மறுநாள் முதல் காட்டில் இரண்டும் சேர்ந்து ஒரே படைதான். யார் முன்னால் நடப்பது என்ற விவாதம் மட்டும் இன்றும் நடப்பதாகக் கேள்வி.

அடுத்தவன் பெயர் எடுத்துவிடக் கூடாதென்று உதவியைத் தடுப்பவன், தன் வீடு எரியும்போதும் அதே உதவியைத்தான் தடுத்துக்கொண்டிருப்பான்.