முடிச்சில்லாத மடம்

"என்னை அனுப்பி உட்ருங்கம்மா" என்றார் நாச்சிமுத்து.

சொன்னது ஆளிடம் அல்ல, சாத்தியிருந்த ஒரு கதவிடம்.

கதவுக்கு அந்தப் பக்கம் அவருடைய குரு மரகதத்தம்மையார் இருந்தார். வாசற்படியில் வெயில் விழும்வரை அந்தக் கதவை யாரும் தட்டியதில்லை. கூவைமலை மடத்தில் அதுதான் வழக்கம். கிழக்கே மலை மறித்து நிற்பதால் வெயில் இறங்கி வரப் பத்து மணியாகிவிடும். அதுவரை மடத்தில் பேச்சில்லை, அடுப்பில்லை, சாப்பாடில்லை.

அன்றைக்கோ இன்னும் சரியாக விடியவேயில்லை.

நாச்சிமுத்து ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். அம்மையாரைவிட வயதில் மூத்தவர். மடத்து வழக்கங்களுக்கு விளக்கம் சொல்வது அவர் பொறுப்பு. யாரும் கொடுத்த பொறுப்பல்ல. வாத்தியார்களுக்கு அதெல்லாம் தானாக அமைந்துவிடும்.

விளக்கம் தேவைப்படுகிற மடம்தான் அது. அங்கே யாரும் எதிலும் முடிச்சுப் போடமாட்டார்கள். வேட்டியைச் செருகிக்கொள்வார்கள். துணிமணியைச் சுருட்டி வைப்பார்கள். சாமிக்குக்கூடப் பூவைத் தொடுக்காமல் உதிரியாகத்தான் போடுவார்கள். சுற்றுவட்டாரத்தில் 'முடிச்சில்லாத மடம்' என்று சொன்னால்தான் ஆட்டோக்காரருக்கு வழி தெரியும்.

முடிச்சு என்பது பாசம் என்று நாச்சிமுத்து ஆரம்பித்தால் கேட்கிறவர்களுக்குக் கால் மரத்துப்போகும். அங்கே யாரும் கைகூப்புவதுமில்லை. வலது கையை நெஞ்சில் வைத்து வணங்குவார்கள். அதற்கும் அவரிடம் உரை இருந்தது.

ஆனால் உரையாசிரியருக்கு ஒரு திருட்டுத்தனமும் இருந்தது.

அவருக்குச் சர்க்கரை. காலையில் ஊசி போட்டாக வேண்டும். போட்டால் சாப்பிட்டாக வேண்டும். விரதமோ பத்து மணிவரை. அதனால் இடுப்பில் ஒரு துண்டு வெல்லத்தைச் செருகிக்கொண்டு, குளியலறைக்குள் போய், தண்ணீரைத் திறந்துவிட்டுவிட்டு மெல்லுவார். வெளியே வந்து கண்ணை மூடி உட்காருவார். உள்ளுக்குள் தன்னைத் தானே காறித் துப்பிக்கொள்வார்.

முந்தின நாள் வெல்லம் வாய்க்குப் போவதற்குள் மயக்கம் முந்திக்கொண்டது. கிணற்றடியில் விழுந்தார். இடுப்பிலிருந்து வெல்லம் உருண்டது. எடுத்தவள் தெய்வாத்தாள், சமையல் வேலையை எடுத்துப் போட்டுச் செய்கிற சிஷ்யை. மௌன நேரம் என்பதால் அவள் ஒன்றும் பேசவில்லை. அந்த வெல்லத்தையே அவர் வாயில் திணித்து, எழுப்பி உட்காரவைத்தாள்.

பத்து மணி அடித்த பிறகு பக்கத்தில் வந்து கேட்டாள்.

"வாத்தியாரையா, நீங்களா இப்படி?"

அவ்வளவுதான் கேட்டாள். அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவது என்று முடிவு செய்தார். மானமாவது மிஞ்சும். கடைசி நாளாவது யோக்கியமாக இருப்போம் என்று ஊசியைப் போட்டுக்கொண்டு, வெல்லத்தைத் தொடாமல் வந்து கதவருகில் நின்றார். சொல்லிக்கொள்ளாமல் போக மனம் வரவில்லை.

"ஆரு?" என்றது உள்ளிருந்து குரல்.

"நாச்சிமுத்துங்க."

"தள்ளுங்க. தொறந்துதான் கெடக்குது."

நாச்சிமுத்து திகைத்துப்போனார். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லை. இத்தனை வருஷம் அத்தனை பேரும் பூட்டிய கோவிலைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தள்ளினார்.

அம்மையார் தியானத்தில் இல்லை. கட்டிலில் பாதி எழுந்த நிலையில் இருந்தார். ஒரு கால் தரையில் இருந்தது. இன்னொரு கால் இறங்க முடியாமல் கட்டிலிலேயே கிடந்தது. முன்னால் முக்காலியில், ராத்திரியே நிரப்பிவைத்த பிளாஸ்க்குக்குப் பக்கத்தில், ஒரு வெந்நீர்ச் சட்டி. அதற்குள் இரண்டு கைகளும் மூழ்கியிருந்தன. விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டிருந்தன. வலியில் முகம் இறுகிப்போயிருந்தது.

நாச்சிமுத்துவுக்குச் சொல்ல வந்தது மறந்துவிட்டது.

"கதவைச் சாத்துங்க. பனி அடிக்குது."

சாத்திவிட்டுக் கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"அம்மா, என்னங்க இது? ஆரையாச்சும் கூப்புடட்டுங்களா?"

"எதுக்கு? தெனமும் இருக்கறதுதான். முடக்குவாதம். பத்து மணிக்கு மேலதான் கையும் காலும் என்ற பேச்சைக் கேக்கும்."

"எப்பருந்துங்க?"

"இந்த மலைக்கு வர்றதுக்கு முன்னாலருந்தே."

"எங்ககிட்டச் சொல்லவே இல்லீங்களே."

"ஆரும் கேக்கலியே."

அது உண்மைதான். கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் தெரியும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க வந்த சங்கதியச் சொல்லுங்க" என்றார் அம்மையார்.

"என்னால விரதத்தைக் காக்க முடியலீங்கம்மா. மறைச்சு மறைச்சுத் தின்னு அசிங்கப்பட்டுப் போனேன். நான் ஊருக்கே போயர்றனுங்க."

"என்ன விரதம்?"

சோதிக்கிறார் என்று நினைத்தார் நாச்சிமுத்து. நிமிர்ந்து உட்கார்ந்து வகுப்புத் தமிழில் சொன்னார்.

"உள்ளே சூரியன் உதிக்கும்வரை வெளியே அடுப்பு எரியலாகாது என்கிற விரதம், அம்மா."

அம்மையார் அவரையே பார்த்தார். சட்டியிலிருந்து கைகள் தாமாக வெளியே வந்தன. தண்ணீர் பாயில் சொட்டியது.

"அப்பறம், காலையில ஆரும் சாப்புடறதே இல்லியா?"

"தண்ணி மட்டுங்க."

"அத்தனை பேருமா?"

"ஆமாங்க. நீங்க சொன்னபடிதானுங்க."

"நான் எப்பச் சொன்னேன்?"

நாச்சிமுத்து யோசித்தார். அவருக்குச் சொன்னது காளியண்ணன், மடத்துக்கு முதன்முதலாக வந்து சேர்ந்த சிஷ்யர். அவர் காலமாகிவிட்டார்.

"காளியண்ணன் சொன்னாருங்க."

"அவருக்கு ஆரு சொன்னது?"

"அவரு பாத்தாருங்க. பத்து மணி வரைக்கும் நீங்க வெளிய வரலை. பேசலை. சாப்புடலை. அதனால..."

அதற்குமேல் வாக்கியம் ஓடவில்லை. சொல்லும்போதே அவர் காதுக்கே அது எப்படியோ இருந்தது.

அம்மையார் அதிர்ந்து போனது முகத்தில் அப்படியே தெரிந்தது.

"பத்து மணிக்கு உக்காந்தா அத்தனை சோறு தின்னுவீங்களே" என்றார். "மலைக்காத்துக்கு நல்லாப் பசிக்குதாட்ட இருக்குதுன்னு நெனச்சிட்டிருந்தேன்."

நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. நெற்றியில் வியர்த்தது. பனிக்காலத்தில் வியர்த்தது. மடியில் இருந்த கை தடதடவென்று ஆட ஆரம்பித்தது.

"கை ஏன் இப்படி நடுங்குது?"

"ஊசி போட்டுட்டனுங்க."

"சாப்பிட்டீங்களா?"

"இல்லீங்க."

"அந்தத் தட்டத்துல அவலு இருக்குது. எடுத்துத் தின்னுங்க."

நாச்சிமுத்து திரும்பி ஜன்னலைப் பார்த்தார். நாக்குக் குழறியது.

"படியில... வெயிலு... வரலீங்களே."

கண் இருட்டிக்கொண்டு வருகிறது. விரதத்தை உண்டாக்கியவர் என்று நம்பப்பட்டவரே எதிரில் உட்கார்ந்து அப்படி ஒன்று கிடையாது என்கிறார். வாத்தியார் அப்போதும் வெயிலைத் தேடுகிறார். படித்த மனிதர்களைத் திருத்துவது லேசான காரியமல்ல.

அம்மையாரால் எழுந்திருக்க முடியவில்லை. கையால் தட்டத்தைப் பிடிக்கவும் முடியவில்லை. கட்டிலிலிருந்தே குனிந்து, மணிக்கட்டை முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அவர் பக்கமாக அதைத் தள்ளினார். தட்டம் தரையில் தேய்ந்துகொண்டு வந்து அவர் முழங்காலில் இடித்தது.

"தின்னுங்கன்னு சொல்றேன்."

அம்மையார் குரல் உயர்த்தி அவர் கேட்டதேயில்லை. அந்தப் பயத்தில் கை தட்டத்துக்குள் போய்விட்டது. ஊறின அவலில் கருப்பட்டி கலந்திருந்தது. அள்ளி அள்ளித் தின்றார். மீசையெல்லாம் அவலாயிற்று.

கொஞ்ச நேரத்தில் நடுக்கம் அடங்கியது. அறையும் கட்டிலும் பழையபடி தெளிவாகத் தெரிந்தன. அப்போதுதான் அவருக்கு இன்னொரு சந்தேகம் வந்தது.

"இது ஆருக்குன்னு வச்சிருந்தீங்கம்மா?"

"எனக்குத்தான். ராத்திரியே ஊறப்போட்டு வச்சிர்றது. வெறும் வயித்துல மாத்தரை போட்டா வயிறு எரியும். விடியக்காலம் நாலு வாய் அவலத் தின்னுட்டுத்தான் போடறது."

நாச்சிமுத்து கையில் இருந்த கடைசிக் கவளத்தைப் பார்த்தார். மடத்தில் விடியற்காலையில் சாப்பிடுகிற ஒரே ஆள் அவருடைய குரு.

கேட்கப் பயமாக இருந்தது. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

"அப்ப முடிச்சுங்க?"

"போட்டா அவுக்க வரமாட்டீங்குது. நேரமெல்லாம் அதுலயே போயிருது."

"கைகூப்பாததுங்க?"

"வெரலு நிமுந்தாத்தான கூப்பறது?"

போன தை மாதம்தான் பக்கத்து ஊர் மண்டபத்தில் அதைப் பற்றிப் பேசிப் பொன்னாடை வாங்கியிருந்தார் நாச்சிமுத்து.

"கையக் கூப்புனா நான் வேற நீ வேறன்னு ஆயிரும்னு சொல்லிப்போட்டனுங்களே" என்றார். கிட்டத்தட்ட அழுதார்.

"கேக்க நல்லாத்தான் இருக்குது" என்றார் அம்மையார்.

பிறகு கைகளை மறுபடி வெந்நீரில் விட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"வலி போனதுக்கப்பறம் பாடம் சொல்லலாம்னு மொதல்ல காத்துட்டிருந்தேன். அது போற மாதிரித் தெரியலை. செரி, நீயும் இரு, நானும் இருக்கறேன்னு உட்டுட்டேன். எந்திரிக்க நேரமாவுதா, பாடத்தைப் பதினோரு மணிக்கு வச்சேன். முடிச்சு ஆகாதா, செருகிக்கிட்டேன். வேற ஒண்ணுமில்லை. பாடம் எப்பவாச்சும் நின்னிருக்குதா?"

நிற்கவில்லை. மழையிலும் பனியிலும் ஒரு நாள்கூட நிற்கவில்லை. அந்தப் பாடத்தைக் கேட்கத்தான் அவர் வீடு வாசலை விட்டுவிட்டு வந்தார்.

"அப்ப நான் இத்தனை வருசம் காத்தது என்னங்க?"

"என்ற நோய்க்கு நீங்க பத்தியம் இருந்திருக்கறீங்க, வாத்தியாரே. உங்க நோய்க்கு ஆரு இருக்கறது?"

நாச்சிமுத்து மீசையிலிருந்த அவலைத் துடைத்துக்கொண்டார். எழுந்தார். வணங்கக் கை எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கீழே போட்டுவிட்டு வெளியே வந்தார்.

முதல் பஸ் ஹாரன் அடித்துவிட்டு மலை இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. அதை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக அடுக்களைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தார். வாணலியை ஏற்றினார். எண்ணெய் காய்ந்ததும் கடுகைப் போட்டார்.

மௌன நேரத்தில் கடுகு வெடித்தால் எப்படி இருக்கும் என்று அந்த மடத்துக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கண்ணை மூடியிருந்தவர்கள் எல்லோரும் திறந்தார்கள். ஒவ்வொருவராக வந்து அடுக்களை வாசலில் நின்றார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. வாத்தியாருக்குச் சித்தம் கலங்கிவிட்டதென்றே சிலர் நினைத்திருப்பார்கள்.

"எல்லாரும் உக்காருங்க" என்றார் நாச்சிமுத்து, கோதுமை ரவையைக் கிளறிக்கொண்டே. "விரதமெல்லாம் ஒண்ணுமில்லை. அம்மாவையே கேட்டுட்டு வந்தாச்சு. நான்தான் தெரியாம உரை சொல்லிட்டேன். சாப்புட்டுட்டுப் பேசலாம்."

ஒருவரும் உட்காரவில்லை. முன்னால் நின்ற தெய்வாத்தாள் மட்டும் விறுவிறுவென்று தன் அறையைப் பார்த்துப் போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்தார். நியாயம்தான் என்றும் நினைத்தார்.

அவள் திரும்பி வந்தபோது கையில் ஒரு மஞ்சள் பை இருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் அதைக் கவிழ்த்தாள். மாத்திரை அட்டைகள். ஒன்றின்மேல் ஒன்றாகச் சரிந்து விழுந்துகொண்டே இருந்தன. ஒன்றில்கூட ஒரு மாத்திரை பிரிக்கப்படவில்லை.

"காலையில சாப்புட்டுட்டுப் போடோணும்னு டாக்டரு சொன்னாருங்க" என்றாள். மௌன நேரப் பழக்கத்தில் குரல் எழும்பவில்லை. "நீங்க சாப்புடக் கூடாதுன்னு சொன்னீங்க. அதனால போடவே இல்லீங்க."

நாச்சிமுத்துவின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"எதுக்கும்மா இந்த மாத்தரை?"

"இருதயத்துக்குங்க."