கொத்தளத்துச் சமையற்கட்டும் ஆடித் தள்ளுபடியும்

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டை மகிபதி ராஜா என்பவர் ஆண்டு வந்தார். அவருடைய அரண்மனையில் நெல்லுக்குக்கூட ஒரு வருஷம் தட்டுப்பாடு வந்ததுண்டு. பொறாமைக்கு மட்டும் வந்ததே இல்லை. ராணி கோமளவல்லிக்குத் தன் தங்கைமீது பொறாமை. ராஜாவுக்கு அந்தத் தங்கையின் கணவர்மீது பொறாமை. இவர்கள் இருவருடையதையும் சேர்த்துத் தராசின் ஒரு தட்டில் வைத்து, பண்டகசாலைத் தலைவர் அரியநாயகத்தின் பொறாமையை மறு தட்டில் வைத்தால், அவர் தட்டுதான் தரையில் போய் இடிக்கும். அதுவும் ஊரெல்லாம் பரப்பிய பொறாமை இல்லை. அரண்மனை விகடகவி கொண்டல்சாமி ஒருவன்மீதே குவித்து வைத்த பொறாமை.

காரணம் ஒரு வெற்றிலை. தினமும் சபை கூடியதும் ராஜா தம் கையாலேயே வெற்றிலை மடிப்பார். முதல் மடிப்பு கொண்டல்சாமிக்கு. இரண்டாவது மடிப்பு அரியநாயகத்துக்கு. பன்னிரண்டு வருஷமாக இரண்டாவது வெற்றிலையை மென்று மென்று அவருக்கு வாய் சிவந்ததைவிடக் கண்தான் அதிகம் சிவந்தது. நாளடைவில் கொண்டல்சாமி எதை வாங்கினாலும் அதைத் தாமும் வாங்கினால்தான் தூக்கம் வரும் என்றாகிவிட்டது. அவன் கிளி வாங்கினான். இவரும் அதே ஆளிடம் போய்க் கிளி வாங்கினார். அவனுடையது பாடியது, இவருடையது கடித்தது. அவன் மிதியடி வாங்கினான். இவரும் அவன் கால் அளவிலேயே ஒரு ஜோடி வாங்கி, கட்டைவிரல் வீங்க வீங்கப் போட்டுக்கொண்டு நடந்தார்.

இப்படியிருக்க, ஆனி மாதக் கடைசியில் ராணி தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினாள். வந்தவள் சாப்பிடவில்லை. என்னவென்று ராஜா கேட்டதும் கொட்டித் தீர்த்துவிட்டாள்.

“அவள் புதுச் சமையற்கட்டு போட்டிருக்கிறாள். சுவரோடு சுவராக அலமாரி. இடையில் ஓர் எறும்பு நுழைய இடமில்லை. அடுப்பு மேடை வழவழவென்று ஒரே கல். உப்புக்கு ஒரு மாடம், புளிக்கு ஒரு மாடம். நின்ற இடத்தில் நின்றே சமைக்கலாம். இங்கே புளிப்பானை ஒரு மூலை, உப்புச் சாடி ஒரு மூலை. ஆவணி முதல் தேதி அவள் நம் வீட்டுக்கு வருகிறாள். எந்த முகத்தோடு அவளை உள்ளே கூட்டிப்போவேன்?”

மறுநாள் சபையில் ராஜா இதைச் சொன்னார். அரியநாயகம் எழுந்து, “மகாராஜா, அப்படிப்பட்ட சமையற்கட்டுக்கு ஆயிரம் பொன் ஆகும்” என்றார்.

“ஏரிக்கரை உடைப்பை அடைத்ததுபோக என் கையில் இருப்பது நூறு பொன்தான்” என்றார் ராஜா.

கொண்டல்சாமி வெற்றிலையை ஒரு கன்னத்துக்குத் தள்ளிவிட்டு, “நூறு போதும், மகாராஜா. ஆடி மாதம் பிறக்கப்போகிறதே!” என்றான்.

அவன் சொன்னதில் விஷயம் இருந்தது. அந்த நாட்டில் ஆடி மாதத்தில் கல்யாணம் கிடையாது, புதுமனை புகுவது கிடையாது. தச்சரும் கல்தச்சரும் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். யாராவது வந்தால் போதுமென்று பாதி விலைக்குத் தருவார்கள். ஆடியில் பொருளை வாங்கிப் பொருத்திவிட்டு, ஆவணி பிறந்ததும் பால் காய்ச்சினால் எந்தக் குறையும் இல்லை.

இந்த யோசனை தமக்குத் தோன்றவில்லையே என்று அரியநாயகத்துக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. எரிச்சலில் அவருக்கும் ஒரு யோசனை பிறந்தது.

“மகாராஜா, அரண்மனை ஆள் கடைவீதியில் நின்று பேரம் பேசினால் பக்கத்து நாட்டார் சிரிக்க மாட்டார்களா? விகடகவி நூறு பொன்னுக்குள் முடிக்கட்டும். ஆனால் விலையைக் குறைக்கச் சொல்லி ஒரு வார்த்தைகூடப் பேசக்கூடாது. பேசினாலோ, ஆவணி முதல் தேதிக்குள் முடிக்காவிட்டாலோ, அவர் இந்த நாட்டை விட்டே போய்விட வேண்டும்.”

பக்கத்து நாடு என்ற சொல் காதில் விழுந்ததும் ராஜாவுக்கு ரோஷம் பொங்கியது. “அப்படியே ஆகட்டும். கொண்டல்சாமி, முடித்துவிட்டால் நீ கேட்டதைத் தருவேன்” என்றார்.

“உத்தரவு” என்றான் கொண்டல்சாமி. நாட்டை விட்டுப் போவதென்றால் ஏதோ சந்தைக்குப் போய்வருவதுபோல நின்றான். அதைப் பார்த்ததும் அரியநாயகத்துக்கு இன்னும் எரிந்தது.

ஆடி முதல் தேதி கொண்டல்சாமி தச்சர் தெருவுக்குப் போனான். தலையில் முக்காடு போட்டுக்கொண்டு அரியநாயகம் பின்னாலேயே போனார். அவன் வாயிலிருந்து ஒரே ஒரு பேரச் சொல் விழுந்தால் போதும், பிடித்துக்கொள்ளலாம் என்று உலகநாத ஆசாரியின் பட்டறைத் தூணுக்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

கொண்டல்சாமி முடிச்சுப் போட்ட அளவுக் கயிற்றையும் வளைந்த மூங்கில் சட்டம் ஒன்றையும் பலகைமேல் வைத்து, என்னென்ன வேண்டுமென்று சொன்னான்.

“வாங்க வாங்க, மாசம் பொறந்து நீங்கதான் மொத போணி!” என்றார் ஆசாரி. “மரம், கல்லு, பித்தளக் கொக்கி எல்லாம் சேத்து மத்த மாசம்னா அறுநூறு பொன். ஆடிங்கறதால பாதி. முந்நூறு குடுங்க.”

கொண்டல்சாமி பதில் பேசவில்லை. வானத்தைப் பார்த்தான். மெள்ள எழுந்து வாசலுக்கு நடந்தான்.

“சரி, எரநூத்தம்பது!”

அவன் படியிறங்கினான்.

“ஐயா! நில்லுங்கய்யா! எரநூறு!”

அவன் தெருவில் இறங்கி, ஏதோ கோயில் பிரகாரம் சுற்றுகிறவன்போல அடிமேல் அடி வைத்துப் போனான். கயிறும் சட்டமும் பலகைமேலேயே கிடந்தன.

தூணுக்குப் பின்னால் அரியநாயகத்துக்கு வியர்த்துக் கொட்டியது. பாவி, வாயையே திறக்காமல் முந்நூறை இருநூறாக்கிவிட்டானே! தெருமுனையை அடைவதற்குள் நூறுக்கு வந்துவிடுமே! ஆசாரி மறுபடி வாயைத் திறப்பதற்குள் அவர் முக்காட்டைப் பிய்த்தெறிந்துவிட்டு உள்ளே பாய்ந்தார்.

“அவன் கேட்டதையெல்லாம் எனக்குச் செய்!”

ஆசாரி திகைத்தார். “செய்யலாங்க. ஆனா இதுல ஒரு சங்கதி இருக்கு. இந்தச் சட்டத்தக் கொஞ்சம் பாருங்க, செவுரு வந்து…”

“எனக்கு எந்தச் சங்கதியும் வேண்டாம். அவன் தந்த அளவு எதுவோ அதே அளவு. ஒரு விரற்கடை மாறினாலும் வாங்க மாட்டேன். இந்த மாதம் முழுக்க இந்தத் தெருவில் ஒரு தச்சனும் வேறு யாருக்கும் உளியைத் தொடக்கூடாது.”

“தெரு முழுக்கன்னா எரநூறுக்குக் கட்டாதுங்களே.”

“உன் தள்ளுபடி யாருக்கு வேண்டும்? முழு விலை, அறுநூறு!”

இருபது வருஷமாகச் சேர்த்துவைத்திருந்த பொன் அது. அன்று மாலையே கொண்டுவந்து கொட்டினார். கொட்டும்போது அவருக்குக் கொஞ்சமும் வலிக்கவில்லை. கொண்டல்சாமி மூட்டையும் முடிச்சுமாக எல்லையைத் தாண்டிப் போவது கண்முன்னால் தெரிந்தது. முதல் வெற்றிலையின் ருசியும் நாக்கில் தெரிந்தது.

அந்த மாதம் முழுவதும் கொண்டல்சாமி ஒரு வேலையும் செய்யவில்லை. அம்மன் கோயில் வாசலில் கூழ் வாங்கிக் குடித்துவிட்டு வேப்பமரத்து நிழலில் தூங்கினான். அரியநாயகம் தினமும் அந்த வழியாகப் போய் அவன் தூங்குவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

ஆடி இருபதாம் தேதி பத்து வண்டிகள் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றன. அவர் மனைவி வடிவாம்பாள் பூரித்துப்போய் ஓடிவந்தாள். இறக்கிவைத்த சாமான்களைப் பார்த்ததும் அவள் பூரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

“என்னங்க இது, மேடையும் அலமாரியும் பிறைநிலா மாதிரி வளைஞ்சு கெடக்கு? நம்ம வீட்டுச் செவுரெல்லாம் நேராத்தான இருக்கு?”

எட்டு ஆட்கள் சேர்ந்து ஒவ்வொரு சுவராக வைத்துப் பார்த்தார்கள். எங்கே வைத்தாலும் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கன்றுக்குட்டி படுத்துக்கொள்ளலாம்போல இடைவெளி விழுந்தது. கடைசியில் கல்மேடை கூடத்தை அடைத்துக்கொண்டது. அலமாரிகள் அடுக்களை வாசலை அடைத்துக்கொண்டன. வடிவாம்பாள் மாட்டுக்கொட்டிலில் மூன்று கல்லை வைத்துச் சமைத்தாள். ஆடிக் காற்று அடுப்பை அணைத்தது, சாரல் விறகை நனைத்தது. பண்டகசாலைத் தலைவருக்கு மூன்று வேளையும் புகை வாசனையோடு அரைவேக்காட்டுச் சோறு.

திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி அவர் ஆசாரியிடம் ஓடினார். ஆசாரி கையை விரித்தார்.

“யாருக்குங்க விப்பேன்? இந்த வளைவுக்கு நாட்டுலயே ஒரே ஒரு செவுருதான் இருக்கு. ராணியம்மா சமையக்கட்டு. கோட்டக் கொத்தளம் வட்டமா இருக்குல்ல, அத ஒட்டிக் கட்டுனது. அன்னிக்கே சொல்ல வந்தேன், நீங்கதான் விடல.”

அரியநாயகம் நடுத்தெருவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஆடி இருபத்தெட்டாம் தேதி கொண்டல்சாமி அவர் தெரு வழியாக மெதுவாக நடந்துபோனான். வடிவாம்பாள்தான் முதலில் பார்த்தாள்.

“அவரக் கூப்பிடுங்க.”

“நானா? அவனையா?”

“கூப்பிடலன்னா இப்பவே நான் எங்கம்மா வீட்டுக்குக் கெளம்புறேன். நீங்களும் ஒங்க வளைஞ்ச மேடையுமா குடும்பம் நடத்துங்க.”

அவர் கூப்பிட்டார். கொண்டல்சாமி உள்ளே வந்து, கல்லைத் தடவிப் பார்த்தான், கதவைத் திறந்து மூடினான், தலையை ஆட்டினான். ஒன்றும் பேசாமல் வாசலைப் பார்த்து நடந்தான்.

“நானூறு!” என்றார் அரியநாயகம்.

அவன் படியிறங்கினான்.

“இருநூறு! கொண்டல்சாமி, இருநூறுதான்!”

அவன் பக்கத்து வீட்டைத் தாண்டினான். அன்று அந்த நடையைத் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தபோது அரியநாயகத்துக்கு ஆத்திரம் வந்தது. இப்போது அழுகை வந்தது.

“நூறு!” என்று தெருவே கேட்கக் கத்தினார்.

கொண்டல்சாமி நின்று திரும்பினான். கல்மேடை கிடந்த வீட்டைப் பார்த்தான்; தன் ஒல்லித் தோளைப் பார்த்தான்; மறுபடி நடந்தான்.

“தொண்ணூறு! வண்டிக் கூலியும் பொருத்தும் கூலியும் என்னுடையது! தயவுசெய்து எடுத்துக்கொண்டு போ!”

கொண்டல்சாமி மடியிலிருந்து தொண்ணூறு பொன்னை எண்ணி வைத்தான்.

ஆவணி முதல் தேதி ராணியின் புதுச் சமையற்கட்டில் பால் பொங்கியது. வளைந்த சுவரோடு ஒட்டிப் பிறந்ததுபோல மேடையும் அலமாரியும் உட்கார்ந்திருந்தன. ராணியின் தங்கை சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். “எங்க வீட்டுது நேராத்தான் இருக்கு” என்று சுருங்கிய முகத்தோடு சொன்னாள். ராணிக்கு அதற்குமேல் பிறந்த பலன் வேறு வேண்டியிருக்கவில்லை.

சபை கூடியது. “கொண்டல்சாமி, உண்மையைச் சொல். பேரம் பேசினாயா?” என்று கேட்டார் ராஜா.

“விற்றவரே இங்கே இருக்கிறார், மகாராஜா. அவரைக் கேட்டருள வேண்டும்.”

எல்லாக் கண்களும் திரும்பின. அரியநாயகம் எழுந்தார். பொய் சொல்லலாமென்றால் தெருவே கேட்டிருக்கிறது.

“அவர்… வாயையே திறக்கவில்லை, மகாராஜா.”

“நீர் என்ன விலைக்கு வாங்கினீர்?”

“அறுநூறு.”

“தொண்ணூறாகக் குறைத்தது யார்?”

“நான்தான், மகாராஜா. நானே குறைத்தேன்.”

ராஜாவுக்கு முதலில் உதடு துடித்தது. பிறகு வயிறு குலுங்கியது. கிரீடம் சரிவதுகூடத் தெரியாமல் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், “அளவை ஏன் பட்டறையில் விட்டுவிட்டு வந்தாய்?” என்று கேட்டார்.

“நான் மிதியடி வாங்கினேன் என்று தாமும் என் கால் அளவிலேயே வாங்கிக் கால் வீங்கியவர் அவர், மகாராஜா. தூணுக்குப் பின்னால் முக்காடு தெரிந்தது. அளவை வைத்துவிட்டு வந்தால் மீதியை அவர் பார்த்துக்கொள்வார் என்று நம்பினேன். நம்பிக்கை வீண்போகவில்லை.”

ராஜா கண்ணீரைத் துடைத்துக்கொண்டு வெற்றிலை மடித்தார். முதல் மடிப்பை அரியநாயகத்திடம் நீட்டினார். “இன்று இது உமக்குத்தான். இந்த நாட்டு ஆடித் தள்ளுபடியிலேயே பெரிய தள்ளுபடி உம்முடையது.”

பன்னிரண்டு வருஷம் ஏங்கிய வெற்றிலை. சபை முழுக்கச் சிரிக்க, அதை அவர் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் மென்றார்.

தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கொண்டல்சாமிக்குப் போட்டுவிட்டு, “கேட்டதைத் தருவேன் என்றேன். கேள்” என்றார் ராஜா.

“பத்துப் பொன் மிச்சம் இருக்கிறது, மகாராஜா. குறைவதைத் தாங்கள் போட்டு, தலைவர் வீட்டிலும் ஒரு சமையற்கட்டு அமைத்துத் தர வேண்டும். அந்த வீட்டுச் சுவர் அளவிலேயே. அந்த அம்மா ஒரு வாரம் மாட்டுக்கொட்டிலில் புகை குடித்துவிட்டார்.”

ராஜா அப்படியே தந்தார். அன்றிலிருந்து வடிவாம்பாள் புது மேடையில் நிமிர்ந்து நின்று சமைத்தாள். ஒவ்வொரு கரண்டி குழம்பு ஊற்றும்போதும், “கொண்டல்சாமி நல்லா இருக்கணும்” என்றாள். ஒவ்வொரு தடவையும் அரியநாயகத்துக்கு வயிறு எரிந்தது. ஆனால் குழம்பு நன்றாக இருந்தது. எரிகிற வயிற்றைத் தடவிக்கொண்டே இன்னும் ஒரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம்.